மூலமும் உரையும்: ஒளிப்படத்தில் தொனிப் பெயர்ப்பு – ஒரு விமர்சன நோக்கு

பழந்தமிழ் நூல்களைப் பயில்வோர்க்கு மூலம் வேறு, உரை வேறு என்னும் தெளிவே முதற் பாடமாகும். தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றுக்கு இளம்பூரணர் ஒரு பொருள் கூற, அதே சூத்திரத்துக்கு நச்சினார்க்கினியர் பிறிதொரு பொருள் கூறுவர். எவருரை சிறந்தது என நாம் வாதிடலாம். உரையையே மூலமென மயங்கினோமாயின் அவ்வாதத்துக்கே இடமில்லாது போகும். இப்பழைய வேறுபாட்டை, கடந்த இருபதாண்டுகளுக்கு மேலாக ஒளிப்படக்கலையிற் பரவியுள்ள ஒருவகை மென்பொருள்கள்மீது பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 'ரோன் மப்பிங்' எனப்படும் அம்முறையை இங்கே தொனிப் பெயர்ப்பு எனக் குறிக்கின்றேன். தொனி என்பது ஈண்டு ஒலியையோ வடமொழிக் காவியக் கொள்கையையோ சுட்டாது. படமொன்றில் வெண்மை முதல் கருமை வரையுள்ள ஒளியின் படிநிலைகளையே சுட்டும். பெயர்ப்பு என்றமைக்குக் காரணம், மொழிபெயர்ப்பிற் போலவே இதிலும் ஒன்றை இழந்தே ஒன்றைப் பெறவேண்டியிருத்தலாம்.

பிரச்சினையின் தோற்றுவாய் எளிதில் விளங்கக்கூடியது. நண்பகலில் இருண்ட அறையொன்றினுள் நின்று திறந்த யன்னலை நோக்குகின்றோம். வெளியே வெயில் படும் வெண்சுவரின் ஒளிர்வு, அறையின் மூலையிலுள்ள நிழலினதைவிடப் பல்லாயிரம் மடங்காக இருத்தல் கூடும். கண்ணோ யன்னலுக்கும் மூலைக்கும் மாறிமாறிச் சென்று, செல்லுமிடந்தோறும் தன்னை இசைவாக்கிக்கொள்கின்றது. கமராவுக்கு அவ்வசதியில்லை. சுவருக்கு ஏற்ப ஒளியை அளந்தால் அறை கருமையில் மூழ்கும். அறைக்கு ஏற்ப அளந்தால் யன்னல் வெறும் வெண்கட்டமாகும். ஆகவே கமராவை முக்காலியில் நிறுத்தி, ஒரே காட்சியை மூன்று அல்லது ஐந்து வெவ்வேறு ஒளியளவுகளிற் பதிவுசெய்து, அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் வழக்கம் தோன்றிற்று. அங்ஙனம் சேர்த்த கோப்பே எச்.டி.ஆர். என்னும் உயர் ஒளிவீச்சுப் படிமம். அதனுள் காட்சியின் ஒளி விகிதங்கள் பெரும்பாலும் மெய்யாகவே அடங்கியுள்ளன. ஆனால் அதனை அப்படியே எவரும் தாளிற் பார்த்தல் இயலாது. அச்சிட்ட தாளின் மிக வெளிறிய இடத்துக்கும் மிகக் கரிய இடத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ நூறு மடங்கே. பல்லாயிரத்தை நூறுக்குள் அடக்கும் செயலே தொனிப் பெயர்ப்பு. சேர்த்தல் அளவீடு, அடக்குதல் தீர்ப்பு. பொதுப் பேச்சில் இவ்விரண்டும் 'எச்.டி.ஆர்.' என்னும் ஒரே பெயரால் வழங்கப்படுதலே குழப்பத்தின் தொடக்கம் என்பேன்.

இது கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு என எண்ணுவோர் பலர். 1850களில் பிரான்சிய ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லு கிறே கடற்காட்சிகளைப் பதிவுசெய்தபோது இதே இடரை எதிர்நோக்கினார். அக்காலத்துக் கொலோடியன் தகடு நீலநிறத்துக்கு மிகையாக உணர்வுடையது. கடல் சரியாக விழுந்தால் வானம் வெளிறிப்போகும். அவர் கடலுக்கு ஒரு நெகற்றிவ், வானுக்கு ஒரு நெகற்றிவ் எனத் தனித்தனியே எடுத்து, இரண்டையும் தொடுவான விளிம்பிற் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். 1857இல் செத் என்னும் துறைமுகத்தில் எடுத்த 'பேரலை' அங்ஙனம் பிறந்ததே. இன்னுமொன்று கூறவேண்டும்: ஒரே மேகக் கூட்டத்தை அவர் வேறு வேறு கடற்படங்களுக்கும் பயன்படுத்தியுள்ளார். தூய்மைவாதிகள் இதனைக் கேட்டு முகஞ்சுளிக்கலாம். ஆயினும் லு கிறேயின் படங்களிற் கடலுக்கும் வானுக்கும் இடையே ஓர் அதிகாரமுறை உண்டு. எது முதன்மை, எது பின்னணி என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிகின்றது.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அன்செல் அடம்ஸ் இத்தீர்ப்பை ஓர் இலக்கணமாகவே வகுத்தார். பிரெட் ஆச்சர் என்பவருடன் சேர்ந்து 1939–40 அளவில் அவர் அமைத்த வலய முறையில், முழுக் கருமைக்கு 0, முழு வெண்மைக்கு 10, நடுச் சாம்பலுக்கு 5 என ஒளிநிலைகள் பதினொன்றாகப் பகுக்கப்பட்டன. காட்சியிலுள்ள ஒவ்வொரு பொருளும் எவ்வலயத்தில் விழவேண்டும் என்பதைக் கமராவின் விசையை அழுத்துமுன்னரே கலைஞன் முடிவுசெய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னர் இருட்டறையிற் சில இடங்களைக் கையால் மறைத்து வெளிறச் செய்தும், சில இடங்களில் ஒளியைக் கூடுதலாகப் பாய்ச்சிக் கருக்கச் செய்தும் படத்தை முடிப்பார். நியூ மெக்சிக்கோவின் ஹேர்னாண்டஸ் கிராமத்தில் 1941இல் அவர் எடுத்த 'மூன்றைஸ்' என்னும் நிலவுதயப் படம் இதற்குத் தக்க சான்று. தொடக்ககாலப் பிரதிகளில் வானம் சாம்பல்நிறமாய், மெல்லிய மேகக்கீற்றுக்களுடன் காணப்படுகின்றது. 1960களிலும் 70களிலும் அதே நெகற்றிவிலிருந்து அவர் அச்சிட்ட பிரதிகளிலோ வானம் ஏறத்தாழ முழுக் கருமையாகிவிட்டது. கல்லறைச் சிலுவைகளும் நிலவுமே ஒளிர்கின்றன. நெகற்றிவை இசைக்குறிப்புக்கும் பிரதியை அதன் நிகழ்த்துகைக்கும் ஒப்பிட்டவர் அவர். நமது மரபிற் சொல்வதாயின், தம் மூலத்துக்குத் தாமே நாற்பதாண்டுக்காலம் உரை திருத்தி எழுதிக்கொண்டிருந்தவர். கருவான் பிரதி எனக்குச் சிறிது நாடகத்தன்மை கூடியதாகவே தோன்றுகின்றது. எனினும் அந்நாடகத்துக்கு அவர் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்றார் என்பதே இங்கு முக்கியம்.

இனிக் கணினிக்கு வருவோம். தொனிப் பெயர்ப்பை அறிவியற் பிரச்சினையாக முதலில் வரையறுத்தோருள் ரம்ளின், ரஷ்மயர் ஆகியோர் (1993) குறிப்பிடத்தக்கவர். கட்டடங்களின் ஒளியமைப்பைக் கணினியாற் கணித்துப் படமாக வரையும் ஆய்வுகள் அப்போது வளர்ந்துகொண்டிருந்தன. கணித்த ஒளியைத் திரையில் எவ்வாறு நேர்மையாகக் காட்டுவது என்பதே அன்றைய வினா. கிறெக் வார்ட், ரஷ்மயர், பியற்கோ ஆகிய மூவரும் 1997இல் முன்வைத்த முறை இவ்விடயத்திற் கூர்ந்து நோக்கத்தக்கது. காட்சியில் நிற்பவனுக்குத் தெரிவது திரையிலும் தெரியவேண்டும். அவனுக்குத் தெரியாதது திரையிலும் தெரியலாகாது என்பது அவர்கள் கொண்ட அளவுகோல். கண்ணைக் கூசச்செய்யும் வெளிச்சத்தையும், இருளிற் கண் கூர்மை இழப்பதையும், நிறம் மங்குவதையும்கூட அவர்கள் கணக்கிற் சேர்த்தனர். அதாவது, தொடக்ககால ஆய்வாளர் காணாமையையும் காட்சியின் ஓர் உண்மையாக மதித்தனர். அதே 1997இல் டெபெவெக், மலிக் ஆகிய இருவரும் சாதாரண கமராப் படங்கள் சிலவற்றிலிருந்து காட்சியின் ஒளியளவுகளை மீட்டெடுக்கும் வழியை வெளியிட்டனர். 2002இல் றெயின்ஹார்ட் குழுவினர் அடம்ஸின் வலய முறையையே கணிதச் சூத்திரமாக்கினர். இருட்டறையிற் கைகள் செய்த மறைப்பும் கருக்குதலும் அதிற் படப்புள்ளிதோறும் தாமாக நிகழ்கின்றன. பொறிமுறை என்ற வகையில் இஃது அழகிய சாதனை. ஆனால் அடம்ஸ் ஹேர்னாண்டஸ் வானத்தைக் கருக்கியது அது வானம் என்பதை அறிந்து. சூத்திரத்துக்கு வானமும் கல்லறையும் எண்களே.

ஆய்வுகூடத்தை விட்டு இம்முறை வெளியேறியபோது அதன் நோக்கமும் தலைகீழாயிற்று. பிரான்சில் உருவாகிய 'போட்டோமற்றிக்ஸ்' 2003இல் வெளிவந்தது. 2005இல் 'போட்டோஷொப்' மென்பொருளும் படங்களைச் சேர்க்கும் வசதியைத் தன்னுள் கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்குமிருந்து ஒரேவகைப் படங்கள் வந்து குவிந்தன. கைவிடப்பட்ட தொழிற்சாலைகள், துருப்பிடித்த வாகனங்கள், தேவாலயங்களின் உட்புறங்கள், அந்தியிற் கொந்தளிக்கும் மேகங்கள். அவற்றிற் செங்கல்லின் துளையும், மேகத்தின் மடிப்பும், கிழவரொருவரின் கன்னச் சுருக்கமும் ஒரே அழுத்தத்துடன் துருத்தி நின்றன. கூரைகளைச் சுற்றி, மழைக்கால நிலவைச் சூழ்ந்த பரிவேடம்போல, ஒளிவளையம் தோன்றிற்று. அதன் காரணம் இதுவே: புள்ளியொன்றை எவ்வளவு வெளிறச் செய்வது என்பதை மென்பொருள் அதன் அயலின் சராசரி ஒளியைக்கொண்டு தீர்மானிக்கின்றது. கரிய கூரையை அடுத்துள்ள வானத்தின் அயலிற் கூரையின் கருமையும் கலந்துவிடுவதால், அவ்வானப் பகுதி இருண்ட இடமெனத் தவறாகக் கொள்ளப்பட்டு மேலும் ஒளியூட்டப்படுகின்றது. டியுராண்ட், டோர்சி ஆகியோர் 2002இலேயே விளிம்புகளைப் பேணும் வடிகட்டி ஒன்றினால் இதனைப் பெரிதும் தவிர்க்கும் வழியைக் காட்டியிருந்தனர். பரிவேடம் பரவியது அறியாமையால் மட்டுமன்று. பலருக்கு அது பிடித்திருந்தது.

இங்கே நமக்குப் பழக்கமான இலக்கிய விவாதமொன்று நினைவுக்கு வருகின்றது. யதார்த்தவாதத்துக்கும் இயற்பண்புவாதத்துக்கும் உள்ள வேறுபாடு பற்றி ஈழத்து விமர்சகர்கள் நிறையவே எழுதியுள்ளனர். லூக்காச் 1936இல் எழுதிய கட்டுரையொன்றில், சோலாவின் 'நானா'விலும் தோல்ஸ்தோயின் 'அன்னா கரனீனா'விலும் வரும் குதிரைப் பந்தயங்களை ஒப்பிட்டார். சோலா எதையும் விடாது விபரிக்கின்றார். தோல்ஸ்தோயோ பந்தயத்தை மாந்தரின் விதியோடு பிணைக்கின்றார். அன்றைய தொனிப் பெயர்ப்புப் படங்களிற் பெரும்பாலானவை இயற்பண்புவாதத்தின் கடைநிலைக் கேலிச்சித்திரங்கள் எனலாம். சோலாவுக்கு நாம் அநீதி இழைக்கலாகாது. அவர் தேர்ந்தே விபரித்தார். இப்படங்களுக்குத் தேர்வே கிடையாது. எல்லாம் தெரியுமாறு செய்தால் உண்மை தெரிந்துவிடும் என்னும் நம்பிக்கையே அவற்றின் அழகியல்.

இக்கட்டுரையின்பொருட்டு, நண்பரொருவரின் கமராவை இரவல் வாங்கி, விடுதியறையின் யன்னலை மூன்று ஒளியளவுகளிற் பதிவுசெய்து, கட்டணமின்றிக் கிடைக்கும் 'லுமினன்ஸ் எச்.டி.ஆர்.' என்னும் மென்பொருளில் இட்டுப் பார்த்தேன். அதன் முறைப் பட்டியலைக் கண்டபோது சிரிப்பு வந்தது. றெயின்ஹார்ட், டியுராண்ட், பற்றால், மன்ரியுக், டிறாகோ என ஆய்வாளரின் பெயர்களே நிரலாக நிற்கின்றன. உரையாசிரியர் பெயரைச் சொல்லி உரையைக் குறிப்பிடும் நமது வழக்கமே அங்கும். மென்பொருள் தொடக்கத்தில் தரும் அளவுகளை மாற்றாது ஒவ்வொன்றையும் ஓடவிட்டேன். றெயின்ஹார்ட் உரையில் அறை அமைதியாயிருந்தது. யன்னலுக்கு வெளியேயிருந்த வானம் வெளிறிற்று. மன்ரியுக் உரையிற் கொடியிற் காய்ந்த சாரத்தின் ஒவ்வோர் இழையும், சுவரிலிருந்த ஈரக்கறையும், யன்னற் சட்டத்தின் வண்ணப்பூச்சு வெடிப்பும் எழுந்து நின்றன. ஈராண்டாக அவ்வறையில் வாழ்ந்தும் அக்கறையை நான் கண்டதில்லை. முதலில் வியந்தேன். பின்னர் அறைத்தோழரிடம் மூன்று படங்களைக் காட்டி, நமது அறை எது எனக் கேட்டேன். அவர் தொனிப் பெயர்ப்புச் செய்யாத, மூலை முழுவதும் இருண்டிருந்த படத்தையே காட்டினார். கறையுள்ள படத்தைக் காவல்துறையினர் எடுத்ததுபோல் இருக்கின்றது என்றார்.

அவர் கூற்றை ஏற்று இருளைப் போற்றி எழுதிவிட்டால் இக்கட்டுரை இலகுவாக முடிந்துவிடும். ஆனால் இருள் எப்போதும் கலைஞனின் தேர்வாக இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, நிறப்படச் சுருள்களை அச்சிடுவோர் நிறத்தைச் சரிபார்ப்பதற்கு, வெள்ளைத்தோற் பெண்ணின் படம் பதித்த அட்டையொன்று வழங்கப்பட்டது. 'ஷேர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவள் தோலே இயல்பான தோல் என்னும் அளவையாயிற்று. கரிய முகங்களும் வெளிறிய முகங்களும் ஒரே படத்தில் அமைந்தால், கரியோரின் முகத்திற் கண்ணும் பல்லுமே எஞ்சும். கனடிய ஆய்வாளர் லோர்னா றோத் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வரலாற்றை விரிவாக எழுதியுள்ளார். கொடக் நிறுவனம் கபில நிறங்களின் வீச்சை விரிக்க முனைந்தபோது, சொக்கலேற், மரத்தளபாட உற்பத்தியாளரின் முறைப்பாடுகள் அதற்குத் தூண்டுகோலாயிருந்தன என்னும் செய்தி அதில் வருகின்றது. மனிதருக்குக் கிடையாத நீதி மேசைக்குக் கிடைத்திருக்கின்றது. ஆகவே நிழலிலுள்ளதை மேலே கொணரும் மென்பொருளை வெறும் பகட்டு எனத் தள்ளுதல் தவறு. உச்சிவெயிலில் வெண்பட்டுச் சேலைகளுக்கிடையே நிற்கும் கருநிற மணமகனின் முகத்தைக் காப்பாற்றுவது உள்ளூர்த் தொனிப் பெயர்ப்பே. யார் இருளில் விடப்படுகின்றார் என்ற வினாவை எழுப்பாத இருளழகியல் எனக்கு உடன்பாடன்று. என் வழக்கு ஒளியூட்டலுக்கு எதிரானதன்று. ஒளியூட்டியவன் எவன், எதன்பொருட்டு ஊட்டினான் என்பது மறைக்கப்படுவதற்கே எதிரானது.

மறைக்கப்படுவதால் விளைவது யாது? சுவீடன் நாட்டுப் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் போல் ஹான்சன், 2012 நவம்பரில் காசாவில் எடுத்த படமொன்று, 2013இல் உலகப் பத்திரிகை ஒளிப்பட அமைப்பின் ஆண்டுச் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இஸ்ரேலிய வான்தாக்குதலில் இறந்த இரு சிறுவரின் உடல்களை உறவினர் ஒடுங்கிய ஒழுங்கையொன்றின் வழியே சுமந்து வருகின்றனர். முன்வரிசையில் வருவோரின் முகங்களில் ஒளி மேடைவிளக்கென விழுகின்றது. சுவர்கள் மங்கிய வெண்கலமாய்த் தோன்றுகின்றன. அவ்வாண்டு மே மாதத்தில், இது பல படங்களை ஒட்டிச் செய்த பொய்ப்படம் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பினர் மூலக் கோப்பை நிபுணரிடம் கொடுத்து ஒப்பிடுவித்தனர். ஒட்டுவேலை எதுவுமில்லை, ஒளியும் நிறமும் மட்டுமே இடத்துக்கிடம் மாற்றப்பட்டுள்ளன என்பது முடிவு. ஒரே மூலக் கோப்பை வெவ்வேறு ஒளியளவுகளில் வெளிக்கொணர்ந்து இணைத்ததாகவும், கண் கண்டதை மீட்பதே தம் நோக்கமெனவும் ஹான்சன் விளக்கினார்.

குற்றஞ்சாட்டியோர் பிழைபட்டனர். ஆயினும் ஐயம் ஏன் எழுந்தது என்பதை விமர்சகன் கேட்டே ஆகவேண்டும். அப்படத்தின் ஒளி, பார்வையாளர் திரைப்பட விளம்பரத் தட்டிகளிற் பழகிய ஒளி. துயரம் மெய், சிறுவரின் உடல்கள் மெய், உரையின் நடை மட்டுமே கேளிக்கையிலிருந்து வந்தது. அந்நடை, மூலத்தையே மறுப்பதற்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. இறந்தோரின் படம் பொய்யெனச் சொல்லப்படுவதன் பாரம் எத்தகையது என்பதை இந்நாட்டு வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. இறந்தவரைச் சற்று அழகாகக் காட்ட முனைந்த அந்த ஓரிரு மணிநேரக் கணினிவேலைக்கு, அவர்கள் மீண்டும் ஒருமுறை இறக்கவேண்டியிருந்தது எனில் அது கடுஞ்சொல்லாகுமோ அறியேன்; ஹான்சன் ஆபத்தின் நடுவே நின்று பணிசெய்தவர் என்பதையும் நான் மறக்கவில்லை. அவரைக் காப்பாற்றியது எது? மூலக் கோப்பு அழியாது இருந்தமையே. உரையோடு மூலத்தை வைத்துப் பார்க்க முடிந்ததால் உரையின் எல்லை தெரிந்தது.

இவ்வாய்ப்பே இன்று சுருங்கி வருகின்றது. 2010இல் ஐபோனில் எச்.டி.ஆர். வசதி முதன்முதலாக வந்தபோது, இணைத்த படத்தோடு இயல்பான படத்தையும் அது சேமித்துத் தந்தது. மூலமும் உரையும் அருகருகே கிடந்தன. பின்வந்த ஆண்டுகளிற் கையடக்கத் தொலைபேசிகளில் இவ்விணைப்பு பயனரைக் கேளாமலே நிகழும் வழமையாயிற்று. கூகிள் நிறுவனம் 2013 முதல் வளர்த்த முறையில், ஒருமுறை விசையை அழுத்த, வேண்டுமென்றே ஒளிகுறைத்த பல படங்கள் அடுத்தடுத்து எடுக்கப்பட்டு, பொருத்தப்பட்டு, தொனிப் பெயர்ப்புச் செய்யப்பட்டு ஒன்றாக வருகின்றன. அதனை ஆக்கியோர் சிந்தனையற்றவர் அல்லர். 2018இல் இரவுப் படங்களுக்கான வசதியை வெளியிட்டபோது, இரவைப் பகலாக்கிவிடும் அபாயத்தை அவர்களே எடுத்துரைத்து, டேர்பி நகரத்து ஜோசப் ரைற் என்னும் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் விளக்கொளியைச் சூழ இருளை வைத்த உத்தியைத் தாம் பின்பற்றியதாகக் கூறினர். நல்ல உரையாசிரியர்தாம். ஆனால் அவ்வுரை நமக்கு 'படம்' என்ற பெயரிலேயே கையளிக்கப்படுகின்றது.

2020 செப்ரெம்பர் 9ஆந் திகதி காட்டுத்தீயின் புகை மூடியதால் சான் பிரான்சிஸ்கோவின் வானம் நண்பகலிலும் செம்மஞ்சளாயிற்று. மக்கள் தொலைபேசிகளை உயர்த்திப் படமெடுத்தனர். திரையிற் பலருக்குத் தெரிந்தது சாம்பல்நிற வானம். இது தொனியன்று, நிறச் சமநிலை பற்றியது எனலாம். ஆயினும் மனப்பாங்கு ஒன்றே. இயல்பு இதுவென முன்கூட்டியே கற்றுவைத்திருந்த கருவி, இயல்பல்லாததைக் கண்டபோது அதனைத் திருத்திவிட்டது. கண்ணெதிரே வானம் எரிகின்றது. கையிலுள்ள சாட்சியோ எதுவும் நிகழவில்லை என்கின்றது. அன்று அளவுகளைத் தம் கையால் மாற்றத் தெரிந்தோரும் மூலக் கோப்பைச் சேமித்தோருமே அவ்வானத்தின் நிறத்தைத் தக்கவைத்தனர்.

அன்செல் அடம்ஸின் நெகற்றிவ்கள் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் ஒளிப்பட நிலையத்திற் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவர் உரையை ஏற்காதோர் மூலத்தை நாடிச் செல்வதற்கு அங்கே ஓர் இடமாவது உண்டு. ஆனால் 'மூன்றைஸ்' நெகற்றிவைப் பொறுத்தமட்டில் ஒரு செய்தியைச் சேர்த்தே சொல்லவேண்டும். அதன் முன்நிலம் மிக மெலிதாக விழுந்திருந்ததால் அச்சிடுவது அவருக்குத் தொல்லையாயிருந்தது. 1948இல் அவர் அந்நெகற்றிவின் கீழ்ப்பகுதியை மட்டும் இரசாயனத்தில் ஆழ்த்தி வலுப்படுத்தினார். அதற்கு முன் எடுத்த சில பிரதிகளை விட்டால், 1941ஆம் ஆண்டு அந்தியில் அவர் கமராவினுள் விழுந்தது யாது என்பதை இன்று எவரும் காணமுடியாது.